கார் டயர், வீல் அளவை மாற்றலாமா? சட்டம் எதுவரை விடுகிறது

டயர் தேய்ந்து புதிது வாங்கப் போகும்போதுதான் பலருக்கும் அந்த ஆசை வரும். எப்படியும் செலவுதான், கூடவே அலாய் வீலும் போட்டு ஒரு சைஸ் பெரிதாக்கிவிட்டால் என்ன? செய்யலாம். ஆனால் எதுவரை என்பது நம் இஷ்டத்துக்கு விடப்பட்டதல்ல.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதோடு பதிவுச் சான்றிதழின் விவரங்கள் முரண்படும் அளவுக்கு உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது.

‘ஆர்சியில் டயர் சைஸே போடவில்லையே, அப்புறம் என்ன?’ என்று கேட்கலாம். சொந்த உபயோகக் காரின் ஆர்சியில் பொதுவாக அது இருக்காதுதான். வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் அந்தப் பிரிவும் ‘மாற்றம்’ என்கிறது. டயரை மட்டும் மாற்றுவது வேறு. பெரிய டயர் உள்ளே போக மட்கார்டை வெட்டுவது, வண்டியைத் தூக்கி உயர்த்துவது வேறு. இரண்டாவது ரகத்தில் வாதாட இடமே இல்லை. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே.

நடுவில் இருக்கும் மங்கலான பகுதியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க என் யோசனை ஒன்றுதான்: உங்கள் காரின் அதே மாடலில், விலை கூடிய வேரியன்ட்டுக்குக் கம்பெனி என்ன அளவு கொடுக்கிறது என்று பாருங்கள். அந்த அளவுக்குப் போனால் ‘தயாரிப்பாளர் சொன்னதை மீறினாய்’ என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது. எஞ்சினும் பிரேக்கும் உங்கள் வண்டியிலும் அதேதானா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும், கையேட்டிலும் அளவுகள் இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பழைய டயர் 185/65 ஆர்15. அகலம் 185 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120.25 மி.மீ. மேலும் கீழுமாக இருமுறை கூட்டி, 15 அங்குல ரிம்முக்கு 381 மி.மீ. சேர்த்தால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. இதற்குப் பதில் 195/55 ஆர்16 போட்டால் 620.9 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ரிம் பெரிதாகிறது, பக்கச்சுவர் குட்டையாகிறது, அவ்வளவுதான். பள்ளத்தில் இறங்கும்போது அடி முன்பைவிடக் கொஞ்சம் பலமாகத் தெரியும்.

அதே 15 அங்குல ரிம்மில் 205/65 போட்டால் கதை வேறு. விட்டம் 647.5 மி.மீ. ஆகிவிடும், நான்கு சதவீதத்துக்கும் மேல் கூடுதல். பழைய டயரோடு முள் 100 காட்டிய இடத்தில் வண்டி இப்போது நான்கு கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் ஓடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது உள்பக்க பிளாஸ்டிக்கில் ‘சரக்’ என்று உரசவும் கூடும்.

அளவை அடுத்து வரும் 88எச் மாதிரியான குறியீட்டைப் பலர் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 82 என்றால் 475 தான். எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரைக்கானது. புதிய டயரில் இந்த எண்ணோ எழுத்தோ கம்பெனி குறித்ததற்குக் கீழே இறங்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 95ஆவது விதியும் டயரின் அளவையும் அது தாங்கும் எடையையும் பற்றியதே. அதற்கு முந்தைய 94ஆவது விதி டயரின் நிலையைப் பற்றியது. கார் டயரின் மேற்பரப்பில் இருக்கும் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையும் பார்த்து வாங்குங்கள்.

வீல் வாங்கும்போது போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் அளவும் பொருந்தினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ரிம்மில் ‘ஈடி45’ என்பதுபோல் ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.யில் பொறித்திருப்பார்கள். அது குறையக் குறைய வீல் வெளியே தள்ளும். மட்கார்டைத் தாண்டி டயர் துருத்தினால் சோதனையில் முதலில் கண்ணில் படுவது அதுதான், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். வீலின் நடுத்துளை, அது வண்டியில் மாட்டப்படும் ஹப்பின் நடுமேட்டைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம்.

மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் வரும்போது அதுவே தகராறாகும்.

அப்புறம் ஸ்டெப்னி. அது பழைய இரும்பு ரிம்மிலேயேதான் இருக்கும். அலாய் வீலோடு வரும் நட்டின் கூம்பு பல சமயம் அதில் சரியாக உட்காராது. பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு டிக்கியில் ஜாக்கியோடு வைத்துவிடுங்கள்.