விலக்கு இருந்தும் மருந்து ஏன் போய்ச் சேர்வதில்லை?

பொருளாதாரத் தடை விதித்த நாடு, உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு என்று சொல்லும். தடைக்கு ஆளான சர்வாதிகார அரசு, தன் மக்கள் தடையால்தான் சாகிறார்கள் என்று சொல்லும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதியைத் தெரிந்துகொள்ள, பணமும் சரக்கும் போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான தடைகள் மருந்தை நேரடியாகத் தடுப்பதில்லை. மருந்துக்கான பணத்தைக் கொண்டுபோக வங்கிகள்தான் முன்வருவதில்லை. டாலரில் அனுப்பும் தொகை அனுப்புநரின் வங்கி, அமெரிக்காவிலுள்ள தொடர்பு வங்கி, பெறுநரின் வங்கி என்று கைமாறிப் போகிறது. நடுவில் யார் வேண்டுமானாலும் அதை நிறுத்தலாம். அமெரிக்கச் சட்டப்படி தெரியாமல் மீறினாலும் அபராதம் உண்டு. சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிமாற்றங்களுக்காக பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி 2014-இல் ஏறத்தாழ 900 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஒரு மருந்து ஒப்பந்தத்தில் கிடைக்கும் சொற்பக் கட்டணத்துக்காக அந்த ஆபத்தை எந்த வங்கி ஏற்கும்? ஈரானுக்கு மருந்தும் உணவும் அனுப்பவென்றே 2020-இல் சுவிட்சர்லாந்து வழியாகத் தனிப் பணவழி ஒன்றை அமைக்க வேண்டிவந்தது. விலக்கு தாளில் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆகவே நிவாரணம் அனுப்பும் அமைப்புகள் பணம் கட்டுவதற்கு முன்பே வங்கியிடம் போக வேண்டும். பொருந்தும் உரிமத்தின் எண், விலைப்பட்டியல், பெறுநரின் பதிவுச் சான்று, பொருள் கடைசியாகச் சேரும் இடம் ஆகிய நான்கையும் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பெறும் நிறுவனத்தின் உரிமையாளர்கள் யார் என்றும் பாருங்கள். தடைப்பட்டியலில் உள்ளவர்களின் பங்கு மொத்தமாக 50 சதவீதத்தைத் தொட்டால், நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அமெரிக்க விதிப்படி அதுவும் முடக்கப்பட்டதே. அரபு, பாரசீகப் பெயர்களை ரோமன் எழுத்தில் பலவிதமாக எழுதுவார்கள். பிறந்த தேதி இல்லாமல் பெயரை மட்டும் தேடினால் சம்பந்தமில்லாதவர் மாட்டுவார், உரியவர் நழுவிவிடுவார். பணம் நின்றுவிடுமே என்று பயந்து பணம் அனுப்பும் குறிப்பிலிருந்து நாட்டின் பெயரை எடுத்துவிடும் எண்ணம் சிலருக்கு வரும். வேண்டவே வேண்டாம். பிஎன்பி மாட்டிக்கொண்டதும் இப்படி விவரங்களை மறைத்ததால்தான்.

சரக்கில் வரும் சிக்கல் வேறு மாதிரி. மருந்துக்கு அனுமதி இருக்கும், அதைக் கெடாமல் வைக்கும் கருவிக்கு இருக்காது. வடகொரியா மீதான ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2397-ஆம் தீர்மானம் (2017) சுங்க வகைப்பாட்டின் 84, 85-ஆம் அத்தியாயங்களில் வரும் இயந்திரங்களையும் மின்சாதனங்களையும் தடுக்கிறது. தண்ணீர் பம்பு 8413, குளிர்பதனப் பெட்டி 8418, மருத்துவமனைக் கிருமிநீக்கி 8419. மூன்றும் 84-க்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றுக்கு வடகொரியத் தடைகளை மேற்பார்க்கும் ஐ.நா.வின் 1718 குழுவிடம் தனியாக விலக்குக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிக்கை, வகைப்பாட்டு எண், அனுப்பும் வழி எல்லாம் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்; உதிரிபாகங்களையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். விட்டுப்போன ஒரு வால்வுக்காகப் பம்பு முழுவதும் சும்மா கிடக்கும். 2022 டிசம்பரில் வந்த 2664-ஆம் தீர்மானம் ஐ.நா. தடைகள் எல்லாவற்றிலும் மனிதாபிமானப் பணிக்கு விலக்கு தந்தது உண்மைதான். ஆனால் அது சொத்து முடக்கத்துக்கு மட்டுமே. இது போன்ற பொருள் தடைக்குப் பொருந்தாது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஆட்சியாளரின் கை இருக்கிறது. முழுமையான தடை தனியார் இறக்குமதியைச் சுருக்கும்போது, சோற்றுக்கு அரசை விட்டால் வேறு வழி இல்லை என்றாகிவிடும். ஈராக்கில் 1990 ஆகஸ்டில் முழுத் தடை விதித்த ஐ.நா.வின் 661-ஆம் தீர்மானம் வந்த மறுமாதமே அரசு ரேஷன் விநியோகத்தைத் தொடங்கியது. பட்டினி குறைந்தது, கூடவே ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் ஆட்சியின் பதிவேட்டில் ஏறியது. எதிர்த்துப் பேச நினைப்பவருக்கு இதைவிட நல்ல கடிவாளம் கிடையாது. பிறகு, எண்ணெய் விற்ற பணத்தில் உணவும் மருந்தும் வாங்க ஈராக்கை அனுமதித்த ஐ.நா.வின் எண்ணெய்க்கு உணவுத் திட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களிடமிருந்து சதாம் அரசு சுமார் 180 கோடி டாலரைக் கூடுதல் கட்டணமாகவும் கையூட்டாகவும் கறந்ததை ஐ.நா. அமைத்த விசாரணைக் குழுவான வோல்க்கர் குழு 2005-இல் வெளிக்கொண்டுவந்தது.

இன்னொரு ஓட்டை, நாணய மாற்று விலை. எடுத்துக்காட்டாக, சந்தையில் ஒரு டாலருக்கு 2,500 சிரியப் பவுண்டு கிடைக்கும்போது, மத்திய வங்கி 1,250-க்குத்தான் மாற்றும் என்றால், உதவித் தொகையின் பாதி மதிப்பு வாசலிலேயே போய்விடுகிறது. கணக்கில் அது திருட்டாகத் தெரியாது, மாற்றுச் செலவாகத்தான் தெரியும். உள்ளூர்ச் செலவைக் குறைத்து, பொருளாகவே வெளியிலிருந்து வாங்கி அனுப்புவது ஓரளவு உதவும். 2014-இல் பாதுகாப்பு அவையின் 2165-ஆம் தீர்மானம் டமாஸ்கஸின், அதாவது சிரிய அரசின், சம்மதம் இல்லாமலே எல்லை தாண்டி உதவி அனுப்ப வழி திறந்ததும் பெரிய மாற்றம்.

கடைசியாக, எண்களைப் பற்றி. ஈராக்கில் தடையால் 5 லட்சம் குழந்தைகள் இறந்ததாக உலகமெங்கும் பேசப்பட்ட கணக்கு, சதாம் அரசின் ஒத்துழைப்போடு 1999-இல் நடந்த கணக்கெடுப்பிலிருந்து வந்தது. ஆட்சி விழுந்த பிறகு நடந்த ஆய்வுகளில் அந்த இறப்பு உயர்வு காணப்படவில்லை. தரவு திரிக்கப்பட்டது என்று 2017-இல் ஒரு மருத்துவ ஆய்விதழ்க் கட்டுரை வாதிட்டது. இதை வைத்துத் தடை யாரையும் வாட்டவில்லை என்று சொல்வதும் தவறு. அந்தத் தடையை மேற்பார்த்த ஐ.நா.வின் 661 குழுவில் 15 உறுப்பு நாடுகளில் ஒன்று மறுத்துக் கைதூக்கினாலே ஓர் ஒப்பந்தத்தை நிறுத்திவைக்க முடிந்தது. ராணுவத்துக்கும் பயன்படலாம் என்ற சந்தேகத்தில் தண்ணீர், மின்சாரத் துறைகளின் சாதனங்கள் அப்படி முடங்கின. இந்த விஷயத்தில் யாராவது புள்ளிவிவரம் காட்டினால், கணக்கெடுத்தது யார், வீடு வீடாகப் போனவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று கேளுங்கள். அதைவிட நம்பகமானவை நிறுத்திவைத்த ஒப்பந்தங்களின் பட்டியல்கள். அவற்றில் பொருளின் பெயர் இருக்கும், தேதி இருக்கும், தடுத்த நாட்டையும் தேடிக் கண்டுபிடிக்கலாம்.