நப்ஸ்: ஆசையா, ஆன்மாவா?

நோன்பு மாதம், கொழும்பின் கொம்பனித்தெரு. நோன்பு திறக்கும் மஃரிபுக்கு (மாலைத் தொழுகை நேரத்துக்கு) இன்னும் பத்து நிமிடம். பட்டீஸ் தட்டிலிருந்து கண்ணை எடுக்காத பேரனிடம் உம்மும்மா சொல்வார்: “நப்ஸக் கொஞ்சம் அடக்குங்க மகன்.” அதே வீட்டுக்கு ஒரு ஜனாஸா (மரணச்) செய்தி வந்தால், “ஒவ்வொரு நப்ஸும் மரணத்தைச் சுவைக்கும்” என்ற குர்ஆன் வசனம் (3:185) நினைவுக்கு வரும். ‘நப்ஸ்’ என்ற ஒரே அரபுச் சொல்தான்; முதலாவது ஆசை, மற்றது உயிர். சூஃபிக் கவிதையைத் தமிழாக்குவோர் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

மூச்சைக் குறிக்கும் ‘நஃபஸ்’ இதே அரபு வேரில் பிறந்தது. எபிரேயத்தின் ‘நெஃபெஷ்’ இதற்கு உறவு. “அவர்தான் வந்தார்” என்று அழுத்திச் சொல்ல, அரபியில் பெயரோடு ‘நஃப்ஸுஹு’ சேர்ப்பார்கள். நாம் ‘தான்’ சேர்ப்போம்.

குர்ஆனில் நப்ஸுக்கு மூன்று நிலைகள் உண்டு: தீமைக்குத் தூண்டும் அம்மாரா (12:53), தன்னையே நிந்திக்கும் லவ்வாமா (75:2), அமைதியடைந்த முத்மஇன்னா (89:27). குறளின் ‘யான் எனது என்னும் செருக்கு’ (346) அம்மாராவுக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் முத்மஇன்னா சுவர்க்கத்துக்கு அழைக்கப்படுகிறது. செருக்கை யாராவது சுவர்க்கத்துக்கு அழைப்பார்களா? ‘ஆன்மா’ என்றால் ரூஹோடு (ஆவியைக் குறிக்கும் அரபுச் சொல்) குழம்பும், ‘உள்ளம்’ என்றால் கல்போடு (இதயத்தைக் குறிக்கும் சொல்).

பாரசீக சூஃபிக் கவிஞர் ரூமி (1207–1273) தன் நெடுங்கவிதையான மஸ்னவியில் ஒரு கதை சொல்கிறார். ஒருவன் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். “யார்?” “நான்.” “வேகாதவனுக்கு இந்தப் பந்தியில் இடமில்லை, போ.” ஒரு வருடம் பிரிவில் வெந்து திரும்பி வருகிறான். “யார்?” “வாசலில் நிற்பதும் நீயே.” கதவு திறக்கிறது, இரண்டு ‘நான்’களுக்கு அந்த வீட்டில் இடமில்லை. அவன் பட்ட வேதனைக்குக் காரணம் ஆசை அல்ல. நண்பன் மேலுள்ள ஆசை கடைசிவரை இருக்கிறது. நடுவில் நின்றது அந்த ‘நான்’. வெள்ளவத்தையில் கேட்டைத் தட்டினால் நாமும் “நான்தான்” என்றுதானே குரல் கொடுக்கிறோம்!

ஆகவே நப்ஸுக்கு என் தெரிவு ‘தான்’. நல்லதும் கெட்டதும் அதற்குள் அடங்கும். அம்மாராவைத் தன்முனைப்பு எனலாம், லவ்வாமாவைத் தன்னிந்தனை எனலாம், முத்மஇன்னாவைத் தன்னமைதி எனலாம். இரண்டாவது காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடுதான்.

ஒரு சிக்கல் உண்டு. ‘நப்ஸைக் கொல்’ என்ற வரியைத் ‘தன்னைக் கொல்’ என்று எழுதினால் விபரீதமாகிவிடும். அங்கே ‘தன்னை மற’ என்று எழுதுங்கள். ‘தன்னை மறந்தாள் தன் நாமம் கெட்டாள்’ என்று அப்பர் தேவாரத்திலேயே இருக்கிறது.