ஐந்து நட்டா, ஆறு நட்டா? பழைய கேம்பர் டிரக்கின் பின் ஆக்சிலை அடையாளம் காண்பது

பழைய டொயோட்டா கேம்பர் டிரக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த வருட மாடல்?" என்றுதான். 1970களிலும் 80களிலும் அமெரிக்காவில் விற்ற இந்தக் குட்டி வீட்டு வண்டிகளில் அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்கலாம். கேபினும் சேசிஸும் டொயோட்டாவுடையவை. படுக்கையும் அடுப்படியும் உள்ள கூண்டைக் கட்டியது வேறு கம்பெனி. சேசிஸ் வந்து சேர்ந்து, கூண்டு ஏறுவதற்குள் வருடம் மாறியிருக்கலாம். அதனால் ஆவணத்தை விட்டு வண்டி எண்ணைப் பாருங்கள் (நம்பர் பிளேட்டில் இருப்பதல்ல, தயாரித்த கம்பெனி வண்டியிலேயே பதித்தது). 1981 மாடல் முதல் அமெரிக்க வண்டி எண்ணில் 17 எழுத்துகள். அதில் பத்தாவது எழுத்துதான் மாடல் வருடம்: 'எஃப்' என்றால் 1985, 'ஜி' என்றால் 1986.

என்ஜினைக் கண்டுபிடிப்பது சுலபம். 1975 முதல் 1980 வரை 20ஆர் என்ற என்ஜின், அடுத்து 22ஆர், பிறகு அதன் இன்ஜெக்ஷன் வகை, 1988 மாடலில் 3 லிட்டர் வி6. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் பின் ஆக்சில், அதாவது பின்சக்கரங்களின் அச்சு: ஒரு குழாயும் அதற்குள் சுழலும் ஷாஃப்டும்.

முதலில் வந்த வண்டிகளில் சாதாரண பிக்கப்பின் ஐந்து நட்டு ஆக்சிலே இருந்தது. கூண்டின் பாரத்துக்காகப் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் மாட்டினார்கள். பார்க்க லாரிபோல உறுதியாகத் தெரியும், ஆனால் ஆக்சில் பழைய ஆக்சில்தான். அது செமி ஃப்ளோட்டிங் வகை. அதில் சக்கரம் நேராக ஆக்சில் ஷாஃப்டின் நுனியில் உட்காருகிறது. சக்கரத்தைச் சுழற்றுவதும் ஷாஃப்ட், வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் அதே ஷாஃப்ட். வெளிப்பக்கம் இன்னொரு சக்கரம் சேரும்போது பாரம் பேரிங்கைவிட்டு விலகிப் போகிறது, ஷாஃப்டை வளைக்கும் விசையும் கூடுகிறது.

ஷாஃப்ட் சுழல்வதால் ஆபத்து பல மடங்காகிறது. இப்போது கீழே இழுபடும் உலோகம், அரைச்சுற்றில் மேலே போய் அமுங்குகிறது. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 500 முறை. ஒரு லட்சம் கிலோமீட்டரில் 5 கோடி முறை. ஒரே தடவையில் ஒடிக்க முடியாத விசைகூட இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் ஒடித்துவிடும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ரயில் அச்சுகளைச் சோதித்துக் காட்டினார் ஜெர்மன் பொறியாளர் அவ்குஸ்ட் வோலர். அப்படி உடைந்த ஷாஃப்டின் முகத்தில் விரிசல் மெல்ல ஊர்ந்த பகுதி, அலை வற்றிய மணல்போல வளைகோடுகளோடு வழவழப்பாக இருக்கும். கடைசியில் பட்டென்று ஒடிந்த பகுதி மட்டும் சொரசொரவென்று. செமி ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்ட் நுனி முறிந்தால் சக்கரமும் கழன்று போகும்.

1980களின் நடுவில் வரத் தொடங்கிய ஒரு டன் சேசிஸில் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில். அதில் ஹப், அதாவது சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி, ஆக்சில் குழாயின் மேலேயே இரண்டு பேரிங்குகளில் சுழல்கிறது. பாரம் குழாயோடு நின்றுவிடும். ஷாஃப்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும்தான். முறிந்தால் வண்டி நிற்கும், சக்கரம் இடத்திலேயே இருக்கும்.

அடையாளம் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. அலங்கார மூடி இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். ஐந்து வீல் நட்டு என்றால் பழையது, விலகிவிடலாம். ஆறு என்றதும் நிம்மதியடைந்துவிடாதீர்கள்: நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப்பின் ஆக்சிலுக்கும் ஆறு நட்டுதான், ஆனால் அது செமி ஃப்ளோட்டிங். சக்கரத்தின் நடுத்துளை வழியே ஹப் குடுவைபோல வெளியே நீட்டிக்கொண்டு, அதன் முகத்தில் சிறிய நட்டுகள் தனி வட்டமாக இருந்தால்தான் ஃபுல் ஃப்ளோட்டிங். வீல் நட்டு சக்கரத்தைப் பிடிக்கிறது, இந்தச் சின்ன நட்டுகள் ஷாஃப்டைப் பிடிக்கின்றன.

பின் ஆக்சிலின் கியர் விகிதத்தையும், அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் (என்ஜினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் தண்டு) எத்தனை சுற்ற வேண்டும் என்பதையும், கையாலேயே அளந்துவிடலாம். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கை பிரேக்கை விட வேண்டியிருப்பதால் கட்டை மிக முக்கியம். சாக்பீஸால் டயரிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதியில், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம் இரண்டு சக்கரங்களின் சராசரி வேகத்தில் சுழல்வதால், ஒன்று தரையில் அசையாமல் இருக்க, மற்றது இரண்டு சுற்றினால் கிரவுன் வீல் ஒன்றுதான் சுற்றும். அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நான்கு சுற்றும் இன்னும் ஒரு பத்தில் ஒரு பங்கும் போனால் விகிதம் 4.10, அதாவது 10 பல் பினியனுக்கு (கிரவுன் வீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) 41 பல் கிரவுன் வீல். என்ஜின் அறைத் தகட்டில் 'ஆக்சில்' என்ற இடத்திலுள்ள குறி சொல்லும் விகிதம் இதுவாக இல்லையென்றால், உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.