பிளாஸ்டிக்கில் குரோம் பளபளப்பு: சூட்சுமம் அடியில் இருக்கும் கறுப்பில்

மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் வளையமும் பக்க மூடியும் குரோம் போல மின்னும். தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வரும். தொழிற்சாலையில் இது மின்முலாம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் நுண்ணிய ரப்பர் துணுக்குகளைக் குரோமிக் அமிலக் குளியல் அரித்தெடுக்கும். அங்கே விழும் குழிகளில்தான் உலோகம் வேர்பிடிக்கிறது. அதன்மேல் செம்பு, நிக்கல், கடைசியாக ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம். அந்தக் குளியலில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும். சிறிய பட்டறையில் இதைத் தொடவே கூடாது.

பட்டறைக்கு ஏற்றது வெள்ளித் தெளிப்பு. அம்மோனியா சேர்த்த வெள்ளி நைட்ரேட் கரைசல், குளுக்கோஸ் போன்ற ஒடுக்கியை (வெள்ளி அயனியை உலோகமாக்கும் பொருள்) சந்தித்ததும் வெள்ளியாகப் படியும். 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கண்ட அதே வேதிவினைதான். படியும் படலம் ஏறக்குறைய 0.1 மைக்ரான். எந்தக் கீறலையும் அது நிரப்பாது. அடியில் இருப்பதை அப்படியே நகலெடுக்கும். அதனால் உழைப்பில் முக்கால் பங்கு வெள்ளிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதலில் பாகத்தின் உட்புறத்தில் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள். ஏபிஎஸ் என்றால் நல்லது. பிபி (பாலிபுரோப்பிலீன்) என்றால் அதற்கென உள்ள ஒட்டு பிரைமர் இல்லாமல் எந்தப் பூச்சும் உரிந்துவிடும். எழுத்து இல்லையென்றால் சிறு துண்டைத் தண்ணீரில் போடுங்கள்: ஏபிஎஸ் மூழ்கும், கலப்படமில்லாத பிபி மிதக்கும். துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும்.

400 உப்புத்தாள், பிரைமர், 800இல் ஈரத் தேய்ப்பு. பிறகு 2கே (பெயின்ட்டும் ஹார்டனரும் கலந்து அடிக்கும் இருபாக வகை) பளபளக் கறுப்பு. டப்பாவில் அச்சிட்ட கலவை விகிதத்தை மாற்றாதீர்கள். சூடேற்றி உலர்த்தினால் 60 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம், பாகம் வளைந்துவிடும். உலர்ந்த கறுப்பில் குழல்விளக்கின் பிம்பம் நேர்கோடாகத் தெரிய வேண்டும். ஆரஞ்சுத் தோல் போல நெளிந்தால் மறுபடி தேய்த்து அடியுங்கள். இங்கே பொறுமை இழந்தால் மிச்ச வேலை அத்தனையும் வீண்.

அடுத்து, தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவ வேண்டும். பரவாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. ஸ்டானஸ் குளோரைடு (வெள்ளீய உப்பு) கரைசலைத் தெளித்து, சில நொடிகள் விட்டுக் கழுவுங்கள். ஒட்டிநிற்கும் வெள்ளீய அயனிகள்தான் வெள்ளிக்கு விதை. கழுவல் குறைந்தால் பால்போன்ற திட்டு வரும். எல்லாக் கழுவலுக்கும் அயனி நீக்கிய நீர் மட்டுமே. குழாய்நீரின் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெண்மூட்டமாகிவிடும்.

இரட்டை முனைத் துப்பாக்கியால் வெள்ளிக் கரைசலையும் ஒடுக்கிக் கரைசலையும் ஒன்றாகத் தெளிக்கும்போது கறுப்பு முதலில் தேநீர் நிறமாகும், பிறகு பழுப்பாகிச் சட்டென்று கண்ணாடியாகும். அந்த நொடியே நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் சாம்பல் படியும். உடனே கழுவி, எண்ணெய் இல்லாத காற்றால் ஊதி, மூலையில் ஒரு துளி நீரும் நிற்காமல் உலர்த்துங்கள்.

வெள்ளி கந்தகத்தால் கறுக்கும் என்பதால் 2கே கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) கட்டாயம். முதல் கோட் மெல்லிய தூவல்தான். ஒரேயடியாக ஈரமாக அடித்தால் அதிலுள்ள தின்னர் (கரைப்பான்) வெள்ளியைத் துளைத்துக் கறுப்பைச் சுருக்கும். வெள்ளிக்கு லேசான மஞ்சள் சாயல் உண்டு, உண்மைக் குரோமுக்கு நீலச் சாயல். கிளியரில் துளி நீலச்சாயம் கலந்தால் கண் ஏமாறும். 2கே அடிக்கும்போது ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருளுக்கு ஏற்ற முகமூடி வேண்டும். கலந்த வெள்ளிக் கரைசலைச் சேமித்து வைக்கவே வைக்காதீர்கள். தேங்கினால் வெடிக்கும் வெள்ளி நைட்ரைடு உருவாகலாம்.

மாட்டும்போது போல்ட் துளைகளில் நைலான் வாஷர் போடுங்கள். அங்கே கிளியர் விரிசல் விட்டால் ஈரம் உள்ளே ஏறி, விளிம்பிலிருந்து கறுக்கத் தொடங்கும்.