மூன்று பெட்டிகளும் ஒரு மோடமும்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு பழைய கல்வீடு. முன்னால் விறாந்தை, நடுவில் மண்டபம், அதைத் தாண்டி அறைகள், கடைசியில் ஓடு வேய்ந்த குசினி. வைஃபையைச் சரிபார்க்க நான் போனபோது யன்னல் கட்டில் பூனை ஒன்று நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது; சுவரின் தடிப்பு அவ்வளவு. ஃபைபர் மோடம் விறாந்தைச் சுவரில் இருந்தது. வீதியிலிருந்து வயர் இழுத்தவர்களுக்கு அதுதான் கிட்டிய இடம். வீட்டுக்கார அம்மா படுப்பதோ குசினிக்குப் பக்கத்து அறையில்.

“தம்பி, விறாந்தையில் போய் இருந்தால்தான் பேரனின் முகம் தெரிகிறது. அங்கே நுளம்பு விடுகிறதில்லை” என்றார்.

ரொறன்ரோவிலுள்ள மகன், ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் வைஃபையைக் கைமாற்றி வீடு முழுக்கக் கொண்டுபோகும், மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் செற் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். எனக்கு முன் யாரோ வந்து பூட்டிவிட்டும் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு அம்மாவின் அறையில் வைஃபைக் கோடுகள் முழுதாக நின்றன. பேரனின் முகம் மட்டும் உறைந்து உறைந்து வந்தது. போதாக்குறைக்கு, முன்பு போனில் பார்த்த கமராப் பெட்டியையும் காணவில்லை, பிரின்டரையும் காணவில்லை.

இது எனக்குப் பழகிப்போன காட்சி. பெட்டிகளில் பழுது இருக்காது. பழைய மோடத்துக்கும் புதிதாக வந்த மெஷ்ஷுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்காமல் விட்டதால் வருகிற வினை.

வீடுகளில் நாங்கள் மோடம் என்று சொல்லும் பெட்டி உண்மையில் மூன்று வேலை பார்க்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை இணையமாக மாற்றுகிறது. ரவுட்டராக இருந்து ஒவ்வொரு போனுக்கும் தொலைக்காட்சிக்கும் தனி முகவரி கொடுக்கிறது. கடைசியாக, வைஃபையைப் பரப்புகிறது. மெஷ் வாங்குகிறவருக்குக் குறை அந்த மூன்றாவது வேலையில்தான். முதல் வேலையை மெஷ் செய்யவே செய்யாது. எனவே “புதியது வந்துவிட்டது, பழையதைக் கழற்றட்டுமா” என்று கேட்காதீர்கள். இழுபறி எல்லாம் இரண்டாவது வேலையில். மெஷ் பெட்டியைக் கொண்டுவந்து செருகியதும் அதுவும் தன்னை ரவுட்டர் என்றே நினைத்துக்கொள்ளும். மானிப்பாய் வீட்டில் மோடம் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தது. மெஷ் தன் பங்குக்கு 192.168.68 என்று தொடங்கியது. கமராப் பெட்டி மோடத்தோடு, போன் மெஷ்ஷோடு. ஒரே வளவுக்குள் இரண்டு குடித்தனம், நடுவில் வேலி. இணையம் பார்ப்பதற்கு அந்த வேலி பெரிய இடைஞ்சல் இல்லை. ஒரு சாதனம் இன்னொன்றைத் தேடும்போதுதான் முட்டுகிறது.

தீர்வு, போனில் உள்ள மெஷ் செயலியில் ஒரே ஒரு தெரிவு. மெஷ்ஷை ‘அக்சஸ் பொயின்ட்’ முறைக்கு மாற்றிவிட்டால் அது முகவரி கொடுப்பதை நிறுத்தி, வைஃபை பரப்புவதோடு நின்றுகொள்ளும். மோடமே வீட்டுக்குப் பெரியவர். பியோ டிவி என்ற தொலைக்காட்சிச் சேவையின் பெட்டி மோடத்தின் தனிப் போர்ட்டில் இருந்தால் அதைத் தொடவும் வேண்டாம். இந்த முறையில் சில நிறுவனங்களின் பெட்டிகளில் பிள்ளைகளுக்கு நேரக்கட்டுப்பாடு வைக்கும் வசதி போன்றவை இல்லாமல் போகும். அது முக்கியமென்றால் முதலே சொல்லிவிடுங்கள். கூகுள் வைஃபை செற் வேறு விதம்: ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை மெஷ்ஷாகக் கோர்த்தால் அதை இந்த முறைக்கு மாற்ற முடியாது. அங்கே மோடத்தைத்தான், ரவுட்டர் வேலையை விட்டு இணையத்தை அப்படியே கடத்திவிடும் ‘பிரிட்ஜ்’ முறைக்குக் கொண்டுபோக வேண்டும். இணைப்பின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்படலாம். அவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் மோடத்தின் அமைப்பில் கைவைத்து, வீடு முழுக்க இணையம் இல்லாமல் ஓர் இரவு கிடந்தவர்களை எனக்குத் தெரியும். வெளிநாட்டில் உள்ளவர்கள் வாங்கி அனுப்பும் முன் இதை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பிளக் பொருந்தாது என்பதும் அவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை. அடப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். ஆடுகிற மலிவு மாற்றி வேண்டாம், அது தீய்ந்துபோகும்.

இனி உறைந்துபோன பேரனின் முகம். இரண்டாவது பெட்டியை எங்கே வைத்திருந்தார்கள் என்று பார்த்தேன்: அம்மாவின் கட்டில் தலைமாட்டில். வைஃபை வராத இடத்தில்தானே பெட்டியை வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். அங்கே மோடத்தின் பக்கத்து முதல் பெட்டியிலிருந்து வருகிற அலை வராமல்தானே போனுக்குக் கிடைக்கவில்லை? பெட்டிக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்? அது போனுக்கு நிறையக் கோடுகளைக் காட்டும், கொடுப்பதற்கு அதனிடம் சரக்கு இருக்காது.

கிணற்றடியிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி வாளி கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். நடுவில் நிற்பவர் வாங்கும்போது கொடுக்க முடியாது, கொடுக்கும்போது வாங்க முடியாது. இரண்டு அலைவரிசை மட்டுமுள்ள மெஷ் பெட்டி, வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் செய்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். நடுவில் நிற்பவர் எட்டாத தூரத்தில் நின்றால் பாதியும் கிடைக்காது. அதனால் பெட்டி, அலை இன்னும் நன்றாக இருக்கிற இடத்தின் விளிம்பில் இருக்க வேண்டும். நான் போனில் அலைவலு காட்டும் செயலியோடு மண்டபத்திலிருந்து மெல்ல நடப்பேன். அலைவலுவை டிபிஎம் என்ற அளவில் காட்டும், மைனஸ் எண் கூடக் கூட அலை குறைவு. மைனஸ் 65 அளவில் நின்று, அங்கே பிளக் தேடுவேன். மைனஸ் 75க்கு இறங்கிவிட்டால் அந்த இடம் சரிவராது. இரும்பு அலுமாரி, நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, மேலே தண்ணீர்த் தொட்டி எல்லாமே மறைப்புத்தான். 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் தடித்த சுவரில் சீக்கிரம் களைத்துவிடும், 2.4 கொஞ்சம் கூடத் தூரம் போகும், அயலட்டைத் தொல்லையும் கூட.

இந்தக் கல்வீடுகளிலும், இப்போது எழும்பும் மூன்று மாடிக் கொங்கிறீற் வீடுகளிலும் நான் முதலில் சொல்வது வயர்தான். பெட்டிகளுக்கிடையில் ஒரு நல்ல நெற்வேக் வயர் ஓடினால் வாளி கைமாற்றும் கதையே இல்லை. 100 மீற்றர் வரை இழுக்கலாம். எங்கள் வீடுகளுக்கு அது தாராளம். வாங்கும்போது ஒரு நுனியைப் பேனாக்கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை தெரிந்தால் அது முலாம் பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுங்கள். பெட்டியின் போர்ட் எத்தனை மெகாபிட் என்றும் பாருங்கள். மலிவான செற்களில் அது 100 மட்டும்தான். 300 எடுத்துப் பணம் கட்டுகிறவருக்கு அந்தப் போர்ட்டே கழுத்துப்பிடி.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியதை இப்போதுதான் சொல்கிறேன்: மோடத்துக்குப் பக்கத்தில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். அங்கேயே மெதுவென்றால் மெஷ் வாங்கும் காசு வீண்.

மானிப்பாயில் மண்டபத்து வளை ஓரமாக வயர் இழுத்து, இரண்டாவது பெட்டியைக் குசினி ஓடையில், அந்த ஒடுங்கிய நடைவழியில், வைத்தேன். மூன்றாவது தேவைப்படவில்லை, அட்டைப்பெட்டியோடு அலுமாரிக்குப் போனது. மோடத்தின் வைஃபையை அணைத்தேன். அணைக்காவிட்டால் போன் பழைய பாசத்தில் விறாந்தை அலையையே பிடித்துக்கொண்டு கிடக்கும்; எந்தப் பெட்டியைப் பிடிப்பதென்று கடைசியில் முடிவெடுப்பது போன்தான். மெஷ்ஷுக்குப் பழைய வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் தொலைக்காட்சியிலோ கமராவிலோ ஒன்றும் மாற்றத் தேவையில்லை. இங்கே நான் அப்படிச் செய்யவில்லை. கடவுச்சொல் வீட்டுத் தொலைபேசி எண். ஒழுங்கை முழுவதும் அதைத் தெரிந்து வைத்திருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. செயலியின் கணக்கு, எனக்கு முன் வந்தவருடைய மின்னஞ்சலில் இருந்தது. அதாவது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்பதை அவர் தன் வீட்டிலிருந்தே பார்க்கலாம், நினைத்தால் நிறுத்தலாம். கெட்ட எண்ணம் இல்லாமலே அவசரத்தில் இப்படி நடக்கும். பெட்டியைப் பின்னூசியால் அழுத்தி முதல் நிலைக்குக் கொண்டுவந்து, அம்மாவின் பேத்தியுடைய கணக்கில் மறுபடி பதிந்தேன். யார் வந்து பூட்டினாலும், நான் வந்தாலும், கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும்.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது பலர் மோடத்துக்குச் சின்ன மின்கலப் பெட்டி வாங்கினார்கள். மோடத்துக்கு மட்டும் அது இருந்து மெஷ் பெட்டிக்கு இல்லையென்றால், மோடத்தின் வைஃபையை அணைத்த வீட்டில் இருட்டோடு இணையமும் போகும். வாங்கும்போது வோல்ட் பொருந்துகிறதா என்று பாருங்கள். சில பெட்டிகளுக்கு 12, சிலவற்றுக்கு 9. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் மின்பிளக்கோடு நெற்வேக் வயரையும் கழற்றுங்கள். ஃபைபர் இழை மின்னலைக் கடத்தாது, செம்பு வயர் கடத்தும். முற்றத்தைக் கடந்து வேறு கட்டடத்துக்கு வயர் போகிற வீடுகளில் இது கட்டாயம்.

இரண்டு கிழமை கழித்து அம்மா அழைத்தார். “தம்பி, திரும்பவும் பேரன் வரவில்லை.” போய்ப் பார்த்தால் குசினி ஓடைப் பெட்டி விளக்கில்லாமல் கிடந்தது. அதன் பிளக்கில் மிக்ஸி பூட்டியிருந்தது. பக்கத்தில் அரைத்த சம்பல். இப்போது அந்தப் பிளக்குக்கு மேலே பேத்தியின் கையெழுத்தில் ‘அம்மம்மா, இது மாமாவின் பிளக்’ என்று ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது.