ஜவ்வு விலகலுக்கு லேசரா, எண்டோஸ்கோப்பியா? முதல்ல ஸ்கேனைப் பாருங்க

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒருத்தர் வந்தார், 42 வயசு, துணிக்கடையில நாள் பூரா நின்னு வேலை பாக்கறவர். மூணு மாசம் முன்னாடி வேற ஊர்ல முதுகு ஜவ்வுக்கு லேசர் பண்ணிருக்காங்க. "கத்தியே வைக்கல சார், ஊசி ஓட்டைதான்"னு சொல்லிக்கிட்டே உள்ள வர்றார், வலது கால் செருப்பு வாசல்லயே கழண்டு கிடக்கு, கழண்டதே அவருக்குத் தெரியல. குதிகால்ல நடங்கன்னு சொன்னா வலது பாதம் தூக்கவே வரல. பழைய எம்.ஆர்.ஐ. ஃபிலிமை மாட்டிப் பாத்தா, எல்4-எல்5ல, அதாவது கீழ்முதுகுல நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவுல, ஜவ்வுத் துண்டு தனியா உடைஞ்சு கீழ இறங்கி நரம்பை அழுத்திக்கிட்டு இருக்கு. லேசருக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன் அது!

அவரோட மனைவி கேக்கறாங்க, "இன்னொரு தடவ லேசர் பண்ணா சரியாயிடுமா டாக்டர்?"

இந்தக் கேள்விய கேட்டுக் கேட்டு மனசு நொந்து போச்சுங்க. லேசர் என்ன பண்ணும்? ஊசி வழியா டிஸ்க்குக்குள்ள, அதாவது ஜவ்வுக்குள்ள போய் நடுவுல இருக்கற ஜெல்லை கொஞ்சம் ஆவியாக்கும், அவ்ளோதான். உறை கிழியாம உப்பி மட்டும் இருக்கற டிஸ்க்குக்குத்தான் அதுல ஏதாவது பலன் கிடைக்க வாய்ப்பு. துண்டு வெளிய வந்து விழுந்தப்புறம் லேசர் பண்றது, கொட்டின பாலைத் துடைக்காம பாக்கெட்டைப் புடிச்சு அமுக்கற மாதிரி. நரம்பு மேல இருக்கற துண்டை யாராவது கண்ணால பாத்து வெளிய எடுத்தாத்தான் உண்டு.

அப்படி எடுக்கறதுக்கு மைக்ரோடிஸ்கெக்டமி இருக்கு, 2-3 செ.மீ. தையல், மைக்ரோஸ்கோப்ல பாத்து பண்றது, 1970கள்ல இருந்து நடக்குது. அதையே குழாய் விட்டு தசையை விலக்கியும் பண்றாங்க, ஆனா 2009ல நெதர்லாந்துல 328 பேரை வச்சுப் பாத்தப்போ குழாய் முறை பழைய முறையை ஜெயிக்கல. எண்டோஸ்கோப்பின்னா 8 மி.மீ. அளவு ஓட்டை வழியா கேமரா விட்டுப் பாத்து எடுக்கறது, பக்கவாட்டுல போனா மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு முழிச்சிருக்கும்போதே பண்ணலாம். 2022ல வந்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வுல கால் வலி குறையறதுல இது ஓப்பன் மைக்ரோடிஸ்கெக்டமிக்கு சளைச்சதில்லன்னு தெரிஞ்சுது. அதுக்காக எல்லாருக்கும் இதேன்னு இல்ல, எல்5-எஸ்1ல, அதாவது அதுக்கும் கீழ கடைசி ஜவ்வுல, இடுப்பெலும்பு உயரமா இருந்தா பக்கவாட்டுல வழியே கிடைக்காது, பின்பக்கமாத்தான் போகணும். துண்டு எங்க கிடக்கு, உங்க டாக்டருக்கு எதுல கை பழகியிருக்கு, இத கேளுங்க. தையல் அளவ கடைசியா கேளுங்க. எதுல பண்ணாலும் 100ல 5-10 பேருக்கு திரும்ப வரலாம்.

ஆபரேஷன்னு ஓடி வராதீங்க, பாதம் பலமா இருந்தா பெரும்பாலானவங்களுக்கு 6ல இருந்து 12 வாரத்துல தானா குறையும். வலியே இல்லாத 20 வயசுக்காரங்கள்லயே சுமார் 30 சதவீதம் பேருக்கு ஸ்கேன்ல டிஸ்க் உப்பல் தெரியும், ரிப்போர்ட்ல 'பல்ஜ்'னு பாத்ததும் பதறாதீங்க. இடுப்பு வலி மட்டும் இருக்கு, கால் வலி இல்லன்னா இந்த ஆபரேஷன் எதுவும் உங்களுக்கில்ல.

ஆனா பாதம் தூக்க வரலன்னா, யூரின் அடைச்சுக்கிட்டா, தெரியாம போனா, ஆசனவாயைச் சுத்தி மரத்துப் போனா, தயவுசெஞ்சு காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அவருக்கு மைக்ரோடிஸ்கெக்டமி பண்ணி துண்டை எடுத்தோம், கால் வலி அன்னைக்கே போயிடுச்சு. பாதம் இன்னும் தூக்க வரல, பாதத்தைத் தாங்கிப் பிடிக்கற ஸ்ப்ளின்ட் போட்டு நடக்கறார். வந்துடுமா டாக்டர்னு தினமும் கேக்கறார், என்னால உறுதியா சொல்ல முடியல.