செல்ஃப் எடுக்காத பழைய கார்: பேட்டரிமேல் பழி போடும் முன்

பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வரப்படும் பழைய கார்களில் பல, புத்தம் புதிய பேட்டரியோடுதான் வருகின்றன. சிலவற்றில் செல்ஃப் மோட்டாரும் புதிதாக இருக்கும். எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. இத்தகைய கார்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்துவிட்ட முடிவு இது: பழைய காரில் பழுது பெரும்பாலும் பாகங்களில் இருப்பதில்லை. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் இருக்கிறது. பேட்டரி டெர்மினலில், பேட்டரியின் ஒரு பக்கத்தைப் பாடியோடு சேர்க்கும் எர்த் போல்ட்டில், களிம்பு ஏறிய செம்புக் கேபிளின் முனையில்.

காரணம் எளிய கணக்குதான். நான்கு சிலிண்டர் என்ஜினைச் சுழற்ற செல்ஃப் மோட்டார் 150 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், 200 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அதைவிடக் கூடுதல் தடை உண்டு. டெஸ்ட் லாம்பும் உதவாது. கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது பளிச்சென்று எரியும். "கரண்ட் வருகிறது, நான் பார்த்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால், நான் தலையாட்டிவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

மீட்டருக்கு முன்னால் கண்ணும் காதும் சொல்வதைக் கேட்கலாம். ஹெட்லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அப்படியே பிரகாசமாக எரிந்து, எந்தச் சத்தமும் இல்லையென்றால், செல்ஃபுக்குக் கரண்ட் போகவே இல்லை. இக்னிஷன் சுவிட்ச், சாலினாய்டுக்கு (சாவியைத் திருப்பியதும் பேட்டரியின் கரண்ட்டைச் செல்ஃபுக்குத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) போகும் சிறிய ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். விளக்கு மங்கி 'டகடகடக' என்று சாலினாய்டு துடித்தால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. விளக்கு மொத்தமாக அணைந்தால் முதலில் டெர்மினலைத்தான் சந்தேகிப்பேன். ஒரே ஒரு அழுத்தமான 'டக்' கேட்டு, விளக்கும் மங்காமல் இருந்தால், சாலினாய்டின் உள்தொடுப்போ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ காரணமாக இருக்கலாம். சில கார்களில் செல்ஃப் சுற்றும்போது ஹெட்லைட் தானாகவே அணையும்படி ஒயரிங் இருக்கும். அவற்றில் உள்விளக்கைப் பார்க்க வேண்டும்.

பிறகு பேட்டரி. ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டோ சற்றுக் கூடுதலாகவோ காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0 என்றால் ஏறக்குறைய காலி. சார்ஜரிலிருந்து கழற்றிய உடனே அளந்தால் பொய்க்கணக்கு கிடைக்கும். ஹெட்லைட்டைச் சில நிமிடம் எரியவிட்டு, அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. 6 வோல்ட் கார்களுக்கு இந்த எண்களில் பாதியைக் கொள்ளுங்கள். அந்தக் கார்களில் அதே சக்திக்கு இரட்டிப்பு ஆம்பியர் தேவை. அதனால் 12 வோல்ட் காருக்கான மெல்லிய கேபிளை அதில் மாட்டினால், பேட்டரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் என்ஜின் நோயாளி எழுந்து நடப்பதுபோல்தான் சுற்றும்.

இனி, எல்லோரும் தாண்டிப் போகும் சோதனை. கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். என்ஜின் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குச் சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். மீட்டரை 20 வோல்ட் டி.சி. நிலையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் அல்லாத ஈயக் கம்பத்தின் தலையிலேயே அழுத்துங்கள், கவ்வியின்மேல் அல்ல. மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில் வையுங்கள். சாவியைத் திருப்பும் முன் 12 வோல்ட் காட்டினால் பயப்பட வேண்டாம். சாலினாய்டு திறந்திருப்பதால் அப்படித்தான் காட்டும். ஒருவரை உள்ளே உட்காரவைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எண் மளமளவென்று இறங்கி அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். ஒன்றரை, இரண்டு என்று நின்றால், காணாமல்போன வோல்ட் அந்தப் பாதையில்தான் ஒளிந்திருக்கிறது. இப்போது மீட்டர் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள்: கம்பத்துக்கும் கவ்விக்கும் இடையே, கேபிளின் இரு முனைகளுக்கும் இடையே, சாலினாய்டின் இரு பெரிய போல்ட்களுக்கும் இடையே. எங்கே எண் தாவுகிறதோ, அங்கேதான் பழுது.

அடுத்து, இதையே எர்த் பக்கம் செய்யுங்கள்: பேட்டரியின் எர்த் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் வெறும் உடல்வரை. இங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே நான் ஸ்பேனரை எடுத்துவிடுவேன். என்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியே மின்சாரம் போகாது. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் அந்தப் பின்னல் பட்டைதான் ஒரே வழி. கியர்பாக்ஸ் வேலைக்குப் பிறகு அதைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். அல்லது காரைப் புதுப்பிக்கும்போது, அது உட்காரும் இடத்தில் பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பார்கள். ஒரு காரில் சோக் கேபிளின் உறை கருகியிருந்தது. சோக் கேபிள்தான் கெட்டது என்று அதை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியும் இருந்தார்கள். உண்மையில் எர்த் பட்டை அறுந்துபோய், செல்ஃபின் மொத்தக் கரண்டும் அந்த ஒல்லிக் கம்பி வழியே திரும்பிக்கொண்டிருந்தது. சோக் கம்பியோ ஆக்சிலரேட்டர் கம்பியோ சுடுகிறது என்றால் எர்த்தைப் பாருங்கள்.

சுத்தம் செய்யும்போது முதலில் எர்த் கவ்வியைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். 1960களின் பிற்பகுதிக்கு முந்தைய பிரிட்டிஷ் கார்களில் பல, பாசிட்டிவ் எர்த் கொண்டவை, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் பக்கமே பாடியோடு இணைந்திருக்கும். கேபிளின் நிறத்தை நம்பாமல், எந்தக் கேபிள் பாடிக்குப் போகிறது என்று பார்த்து முடிவெடுங்கள். உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, அதன்பின் மேலே வாசலைன் தடவினால் போதும். சாலினாய்டின் இரு போல்ட்களையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கியரில் கிடக்கும் கார், குனிந்திருப்பவர்மேலேயே பாயும். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கும் என்பது தனிக் கவலை.

மோட்டார் 'விர்ர்' என்று தனியாகச் சுற்றி என்ஜின் அசையாவிட்டால், பழைய பென்டிக்ஸ் வகை செல்ஃபில், முன்னால் நகர்ந்து என்ஜினோடு கோத்துக்கொள்ளும் பல்சக்கரம் அழுக்கில் சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவுங்கள். எண்ணெய் விடாதீர்கள், அது கிளட்ச் தூசியைப் பிடித்து மறுபடி ஒட்டவைக்கும்.

என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபை மறந்துவிட்டுக் காயில், பாயின்ட் (காயிலின் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சிறிய தொடுப்பு) பக்கம் வாருங்கள். மாதக்கணக்கில் நின்ற காரில் பாயின்ட்மேல் மெல்லிய படலம் படர்ந்திருக்கும். துடைத்து, இடைவெளியைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு வையுங்கள். பல கார்களுக்கு அது 0.35 முதல் 0.40 மி.மீ. இன்னொரு குறி பலரைக் குழப்பும்: சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது என்ஜின் பிடிக்கிறது, விட்டதும் செத்துவிடுகிறது. காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள கார்களில் செல்ஃப் அடிக்கும்போது மட்டும் காயிலுக்கு நேரடி மின்சாரம் போகும், விட்டதும் ரெசிஸ்டர் வழியே போகும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால் இப்படித்தான் நடக்கும். சாவியை விடும் அந்தக் கணத்தில்தான் பிடிக்கிறது என்றால், நேரடி ஒயரில் பழுது இருக்கலாம்.

ராத்திரி நின்றே பேட்டரி இறங்கும் கார்களில் டிக்கி விளக்கையும், டைனமோ கார் என்றால் ஒட்டிக்கொண்ட கட்-அவுட்டையும் (டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்து, எர்த் கேபிளைக் கழற்றி, அதற்கும் கம்பத்துக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். கடிகாரம்கூட இல்லாத பழைய காரில் அது ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். மீட்டர் அங்கே இருக்கும்போது மட்டும் யாரையும் செல்ஃப் அடிக்க விடாதீர்கள், அதன் 10 ஆம்பியர் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும்.